குரோமைத் திறக்கும்போதே ‘யார் நீ?’ என்று கேட்க வைக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் சிறிய துணைப்பாட நிலையம் நடத்துகிறேன். தொடக்கநிலை 5 முதல் உயர்நிலை 4 வரை பிள்ளைகள் வருகிறார்கள். நான்கு கணினிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே விண்டோஸ் கணக்கு, ஒரே குரோம். போன வாரம் ஒரு மாணவி ஜிமெயிலை மூடாமல் எழுந்து போய்விட்டாள். அடுத்து உட்கார்ந்த பையன் அவள் பெயரில் பள்ளி ஆசிரியருக்குக் கிண்டலாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டான். இனிமேல் சைன்-இன் செய்யாமல் யாருமே குரோமைத் திறக்க முடியாதபடி செய்ய வழி உண்டா? யார் எப்போது உட்கார்ந்தார்கள் என்று அடையாள அட்டை எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கவும் நினைக்கிறேன். சரிதானா?

பதில்: வழி உண்டு. ஆனால் உங்கள் நிலையத்தில் அதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் அந்த மாணவியின் கணக்கைக் கவனியுங்கள். அவள் தன் போனிலிருந்தே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றிவிடலாம். பிறகு பாஸ்வேர்டை மாற்றட்டும். இதை இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பூட்டு. குரோமில் நிர்வாகிகளுக்காக ‘பிரவுசர் சைன்-இன்’ என்று ஒரு கொள்கை, அதாவது கணினியை நிர்வகிப்பவர் வைக்கும் கட்டுப்பாடு, இருக்கிறது. அதற்கு 0 கொடுத்தால் பிரவுசரில் சைன்-இன் செய்யும் வசதியே இருக்காது. 1 என்றால் அவரவர் விருப்பம். 2 என்றால் கட்டாயம். 2 வைத்த கணினியில் குரோமைத் திறந்தால் கூகுள் கணக்கு கேட்கும், கொடுக்காதவரை ஒரு தளத்துக்கும் போக முடியாது. கெஸ்ட் முறையும், அதாவது கணக்கில்லாமல் தற்காலிகமாகத் திறக்கும் வசதியும், தானாகவே அணைந்துவிடும். அதுவரை சைன்-இன் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த புரொஃபைல்களும் (குரோமுக்குள் ஒவ்வொருவருக்கும் என்று வைக்கும் தனிப் பகுதிகள்) பூட்டிக்கொள்ளும். அவற்றில் சேமித்திருந்த புக்மார்க்குகளைத் திறக்க முடியாமல் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவரும்.

இது அலுவலகங்களுக்காகச் செய்தது. அங்கே ஊழியர் ஒவ்வொருவருக்கும் நிறுவனமே ஒரு கணக்கு கொடுத்திருக்கும், கணினியும் பெரும்பாலும் ஒருவருடையது. நிறுவன முகவரிகளை மட்டும் உள்ளே விடும்படி இன்னொரு கொள்கையும் சேர்த்துப் போடுவார்கள். அந்த இரண்டாவது கொள்கை இல்லையென்றால் எந்த ஜிமெயில் கணக்கானாலும் பூட்டு திறந்துவிடும். உங்கள் பையன் இரண்டு நிமிடத்தில் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி உள்ளே வந்துவிடுவான். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கோ இது வேறு மாதிரித் தொல்லை. 13 வயது ஆகாதவர்கள் தாங்களாகக் கூகுள் கணக்கு தொடங்க முடியாது, பெற்றோர்தான் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி வழியாகத் தொடங்கித் தர வேண்டும். வகுப்பு நேரத்தில் அம்மாவுக்கு போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தளத்துக்குள் நுழைவது வேறு, பிரவுசருக்குள்ளேயே நுழைவது வேறு. பிள்ளை ஜிமெயில் தளத்தில் மட்டும் நுழைந்தால் உங்கள் கணினியில் திறப்பது அந்தப் பிள்ளையின் அஞ்சலும் மற்ற கூகுள் தளங்களும்தான். குரோமுக்குள் சைன்-இன் செய்து ஒத்திசைவும் ஓடினால், அந்தக் கணக்கில் சேமித்த பாஸ்வேர்டு, புக்மார்க், போன தளங்களின் வரலாறு எல்லாம் பின்னாலேயே வந்து இறங்கும். நம் வீடுகளில் ஒரே கூகுள் கணக்கை அம்மாவும் பிள்ளையும் பயன்படுத்துவது சாதாரணம். அம்மா தன் போனில் சேமித்த பாஸ்வேர்டுகள் ஈசூன் துணைப்பாட நிலையத்தின் மூன்றாவது கணினியில் தானாக நிரம்பி நிற்கும். சேமித்த பாஸ்வேர்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் குரோம் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்கும், உண்மைதான். ஆனால் அந்த விண்டோஸ் பாஸ்வேர்டுதான் உங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியுமே. தவிர, ஒரே விண்டோஸ் கணக்குக்குள் இருக்கும் குரோம் புரொஃபைல்கள் தனித்தனி அறைகள் அல்ல, ஒரே அறையில் போட்ட திரைச்சீலைகள். யாரும் விலக்கிப் பார்க்கலாம்.

ஆக, யாருடைய கணக்கும் கணினியில் தங்கக் கூடாது என்று நினைத்துப் போடும் பூட்டு, எல்லாருடைய கணக்கையும் கணினியிலேயே தங்க வைத்துவிடும்.

2018 செப்டம்பரில் குரோம் 69 வந்தபோது நடந்தது நினைவிருக்கலாம். ஜிமெயிலில் நுழைந்தால் பிரவுசரும் தானாகவே சைன்-இன் ஆகத் தொடங்கியது. கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று பெரிய கூச்சல் எழுந்ததும், அடுத்த பதிப்பான 70-இல் இதை அணைத்துவைக்க ஒரு பொத்தான் கொடுத்தார்கள். கொடுத்தார்களே தவிர, அணைத்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? உங்கள் நான்கு கணினிகளிலும் அந்தத் தானியங்கி சைன்-இன் இயங்கிக்கொண்டிருக்கலாம்.

பள்ளிக் கணக்கோடு வரும் உயர்நிலை மாணவர்களுக்கும் பிரவுசர் சைன்-இன் தேவையில்லை. மாணவர் கற்றல் தளத்தில் நுழைய அந்தத் தளத்திலேயே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போதும். பள்ளிக் கணக்கை எடுத்துக் குரோமுக்குள் போட்டால், கணக்கை நிர்வகிப்பவர்கள் வைத்த கட்டுப்பாடுகளும் அந்தப் புரொஃபைலுக்குள் வந்து சேரும். பிறகு ஏதோ ஒரு தளம் திறக்கவில்லை என்று உங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு கணினியிலும் இரண்டு விண்டோஸ் கணக்கு வையுங்கள். நிர்வாகி கணக்கு உங்களுக்கு, அதன் பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும். ‘மாணவர்’ என்ற சாதாரணக் கணக்கு பிள்ளைகளுக்கு. அதில் மென்பொருள் நிறுவும் அதிகாரம் இருக்கக் கூடாது. பிறகு குரோமைக் கெஸ்ட் முறையில் மட்டுமே திறக்கும்படி கட்டாயப்படுத்துங்கள். அந்த முறையில் யாரும் பிரவுசருக்குள் சைன்-இன் செய்ய முடியாது. சாளரத்தை மூடினால் வரலாறும் குக்கீயும் அழிந்துவிடும், திறந்து வைத்திருந்த ஜிமெயிலும் போய்விடும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: குரோம் குறுக்குவழி ஐகானின் பண்புகளைத் திறந்து, இலக்கு என்ற பெட்டியின் கடைசியில் ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, ‘கெஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை வேறு வழியாகக் குரோமைத் திறந்துவிடும். உறுதியாக வேண்டுமென்றால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்று இறங்கி, ‘பிரவுசர் கெஸ்ட் மோடு என்ஃபோர்ஸ்டு’ என்ற பெயரை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி எழுதி, டிவேர்டு என்ற வகை மதிப்பாக 1 கொடுக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரி என்றாலே கை நடுங்கினால் கணினி வாங்கிய கடையில் இந்தப் பத்தியைக் காட்டுங்கள், செய்து தருவார்கள். குரோமின் பாலிசி பக்கத்தில் அந்தப் பெயர் தெரிந்தால் வேலை முடிந்தது.

எட்ஜ் பிரவுசரை மறந்துவிடாதீர்கள். குரோமை எவ்வளவு இறுக்கினாலும் விண்டோஸோடு வரும் அந்த நீலப் பச்சை அலை கீழே பட்டையிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்கும், மூடியதும் வரலாறு அழியும் இன்பிரைவேட் முறையைக் கட்டாயமாக்கும் கொள்கை இருக்கிறது, மதிப்பு 2.

கெஸ்ட் முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. எல்லாக் கெஸ்ட் சாளரங்களையும் மூடினால்தான் அழியும். திறந்துபோட்டு எழுந்து போனால் போன வாரக் கதைதான். அதனால் பிள்ளை மாறும் ஒவ்வொரு முறையும் ‘மாணவர்’ கணக்கிலிருந்தே சைன்-அவுட் செய்யச் சொல்லுங்கள். அப்புறம், பதிவிறக்கிய கோப்புகள் கெஸ்ட் முறையிலும் அழியாது. வாரம் ஒருமுறை நீங்கள்தான் அந்த ஃபோல்டரைக் காலி செய்ய வேண்டும்.

கடைசியாக அந்த நோட்டு. அடையாள அட்டை எண் வேண்டவே வேண்டாம். சட்டப்படி தேவைப்பட்டால் அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தால் தவிர நிறுவனங்கள் அந்த எண்ணை வாங்கக் கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் இங்கே நடைமுறை. உங்கள் துணைப்பாட நிலையமும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள்தான் வரும். உங்கள் பிள்ளைகளில் பலருக்கு இன்னும் அட்டையே கிடைத்திருக்காது, 15 வயதில்தானே எடுக்கிறார்கள். அதற்குப் பதிலாகப் பிறப்புச் சான்றிதழ் எண்ணை எழுதலாமே என்று தோன்றினால், அதற்கும் இதே விதிதான். பெயர், கணினி எண், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் போதும். நோட்டை வரவேற்பு மேசையில் திறந்து வைக்காமல் இழுப்பறையில் வையுங்கள். பள்ளித் தவணை முடிந்ததும் பழைய பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.