நடைபாதை வடிவமைக்க ஆர்க்கிடெக்ட் ஆகணுமா?

கேள்வி: பி.இ. சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். 2019-இல் தி.நகர் பாண்டி பஜாரில் அகல நடைபாதை போட்டதைப் பார்த்ததிலிருந்து இந்த வேலை மேல் ஆசை. சிவில்காரர்களுக்கு இடமுண்டா? எதைக் கற்க வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக உண்டு. நகரத் திட்டமிடலுக்கான இரண்டாண்டு முதுகலைப் படிப்பான எம்.பிளானில் சிவில் பட்டதாரிகளையும் சேர்க்கிறார்கள். 'கேட்' நுழைவுத் தேர்வு எழுதினால் டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. எனும் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்களுக்கு முயலலாம். பிறகு ஆலோசனை நிறுவனங்கள் உண்டு, டி.என்.பி.எஸ்.சி. வழியாக நகர் ஊரமைப்புத் துறையும் உண்டு.

ஆனால் படிப்புக்குக் காத்திருக்காமல் இப்போதே ஆட்களை எண்ணிக் கணக்கெடுக்கப் பழகுங்கள். ஊரில் ஒரு கடைத்தெருவில் காலை 8 முதல் இரவு 8 வரை, மணிக்கு 10 நிமிடம், நடந்து கடப்பவர்களை எண்ணி 6-ஆல் பெருக்குங்கள். ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு. எங்கே உட்காருகிறார்கள், எந்த இடத்தில் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்குகிறார்கள் என்பதைக் கியூஜிஐஎஸ்ஸில் குறியுங்கள். அது இலவச வரைபட மென்பொருள் (QGIS).

இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டு வாசல்தான். இந்தியச் சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 103, நடக்கும் பகுதியின் அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கெர்ப் (நடைபாதையின் விளிம்புக் கல்) உயரம் அதிகபட்சம் 15 செ.மீ. என்கிறது. கார் நுழையவென்று ஒவ்வொரு வாசலிலும் நடைபாதையைச் சாலை மட்டத்துக்கு இறக்கினால், சக்கர நாற்காலிக்கான 1:12 சரிவுக்கு (1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்) இரு பக்கமும் 1.8 மீட்டர் விட வேண்டும். யாரும் விடுவதில்லை, செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். பத்து வாசலுக்குப் பத்து முறை ஏறி இறங்க எந்தப் பாட்டியால் முடியும்? நடைபாதை ஒரே மட்டத்தில் ஓடட்டும், கார்தான் விளிம்பில் ஏறி இறங்க வேண்டும்.

டைல் பதித்த மறுமாதமே குடிநீர்க் குழாய்க்காக உடைப்பது அடுத்த கொடுமை. பழைய வரைபடத்தை நம்பாமல், வடிவமைக்கும் முன்பே சோதனைக் குழி தோண்டிக் குழாயும் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். மரத்தடி வரை சிமென்ட் பூசவே கூடாது.

பூக்காரம்மாவுக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்குங்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி, தெரு வியாபாரத்துக்கான நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களிடம் பேசாமல் போட்ட கோடு தெருவில் நிற்காது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, நீங்கள் எண்ணிய அந்தத் தெருவின் வரைபடத்தையும் இணைத்து அனுப்புங்கள்.