ஆலய முகப்பில் ஒரு மணிமுடி – கடிதம்

வணக்கம்.

சென்ற மாதம் குடும்பத்தோடு தரங்கம்பாடி போயிருந்தோம். புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் ஒரு மணிமுடியும் அதன் கீழே பின்னிய எழுத்துகளும் இருந்தன. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் முத்திரை என்றார்கள். தரங்கம்பாடிக்கு சீகன்பால்க் என்ற புராட்டஸ்டண்ட் மிஷனரியை அனுப்பியவர் என்பதால் பெரிய பக்திமான் என்றே நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து படித்தால், மனைவி உயிரோடு இருக்கும்போதே இன்னும் இரண்டு பெண்களை மணந்தவராம். செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் மிஷனை அனுப்பினாரா? இல்லை, பக்தியே வேஷமா?

ஆர்., மயிலாடுதுறை

அன்புள்ள ஆர்.,

வேஷம் என்று எனக்குத் தோன்றவில்லை. பரிகாரம் என்றும் சொல்ல மாட்டேன்.

உங்கள் ஊகம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. அரசர் 1695இல் லூயிஸை மணந்தார். 1703இல் எலிசபெத் ஹெலேன என்ற பெண்ணை இரண்டாவதாக மணந்துகொண்டார். அடுத்த வருடமே அவள் பிரசவத்தில் இறந்துபோனாள், குழந்தையும் தங்கவில்லை. 1705 கடைசியில் சீகன்பால்க்கும் அவருடைய சக மிஷனரி புளூட்சாவும் தரங்கம்பாடிக்குக் கோபன்ஹேகனில் கப்பல் ஏறுகிறார்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால் மனம் நொந்து செய்த காரியம் போலத்தான் இருக்கிறது. ஆனால் மனம் நொந்தவர் 1712இல் மறுபடியும் அதையே செய்திருப்பாரா?

1711இல் கோல்டிங் கோட்டையில் நடந்த முகமூடி விருந்தில் அன்னா சோஃபி ரெவெண்ட்லோவைப் பார்த்தார். அவளுக்குப் பதினெட்டு வயது. மகளை அரசரின் ஆசைநாயகியாக அனுப்பத் தாய் சம்மதிக்கவில்லை. மறு வருடம் ஜூனில் கிளவுஸ்ஹோம் மாளிகையிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்காண்டர்போர்க்கில் மணந்துகொண்டார். 1665ஆம் வருடத்து அரசச் சட்டம் டென்மார்க் அரசரை எல்லா மனிதச் சட்டங்களுக்கும் மேலே வைத்தது. கடவுள் ஒருவருக்கே அவர் பதில் சொல்ல வேண்டும். அதை அவர் அப்படியே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். தனக்கு உரிமை இருக்கிறது என்று நம்புகிறவர் பரிகாரம் தேட மாட்டார்.

எனக்கு மனம் ஆறாதது லூயிஸின் விஷயத்தில்தான். நாடறிய அரசி அவள். கணவனுக்கு இன்னொரு மனைவி இருப்பதும் நாடறியும். ஒன்பது வருடம் அப்படியே வாழ்ந்து, 1721 மார்ச்சில் இறந்தாள். அரச குடும்பத்தாரை அடக்கம் செய்யும் ரோஸ்கில்ட பேராலயத்தில் அடக்கம் முடிந்த கையோடு, ஏப்ரல் 4ஆம் தேதி, அரசர் அன்னா சோஃபியை ஊரறிய மறுபடி மணந்து அரசியாக்கினார். அரசரின் தம்பி கார்லும் தங்கை சோஃபி ஹெட்விக்கும் பொறுக்க முடியாமல் அரண்மனையை விட்டே போய்விட்டார்கள்.

அதே 1721இல்தான் குதிரைப்படைக்கு ஒதுக்கிய நிலங்களில் 240 பள்ளிக்கூடங்கள் கட்ட உத்தரவிட்டார், குடியானவர் பிள்ளைகளுக்காக. பல கட்டிடங்கள் இன்றும் நிற்கின்றன. வாசலுக்கு மேலே ஒரு கல், அதில் அரசர் பேசுவதாக ஒரு பாட்டு. ஐம்பது வருடம் என்னைக் காத்தாய் கடவுளே, நோயும் போரும் கொள்ளைநோயும் எனக்குத் தீங்கு செய்யவில்லை, அந்த நன்றிக்காக ஏழைகளுக்குப் பள்ளி கட்டுகிறேன் என்கிறது. 1711 கொள்ளைநோயில் கோபன்ஹேகன் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேர் மாண்டிருந்தார்கள். பாட்டில் நன்றி இருக்கிறது, மெய்யான நன்றி. பாவம் என்ற பேச்சே இல்லை. கடைசியில் ஒரு வேண்டுதல்: என் ஆசனத்தில் என்றும் என் வம்சத்தவர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் உன்னிடமும் இந்தப் பள்ளிகளிடமும் நல்லெண்ணம் உள்ளவராக இருக்க வேண்டும்.

அந்தக் கற்கள் பதிக்கப்பட்ட வருடங்களில் அன்னா சோஃபிக்குக் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. 1723, 1726, 1728. ஒன்றும் பிழைக்கவில்லை. முன்பு பிறந்தவையும் பிழைத்திருக்கவில்லை. 1728 அக்டோபரில் கோபன்ஹேகனில் பெரும் தீ, பல்கலைக்கழக நூலகமே சாம்பலானது. கடைசி வருடங்களில் அவர் பக்தியில் இன்னும் ஆழ்ந்தார். அதில் துக்கம் இருந்தது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் தரங்கம்பாடி மிஷன் அதற்கு இருபது வருடம் முந்தியது. பின்னால் வந்த துக்கத்தை முன்னால் நடந்ததற்குக் காரணமாக்க வேண்டாம்.

1730 அக்டோபர் 12, ஐம்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள், ஓடென்ஸேயில் இறந்தார். அரசரானவர் லூயிஸின் மகன், ஆறாம் கிறிஸ்டியன். தாய் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. அன்னா சோஃபியை அவளுடைய பழைய வீட்டுக்கே அனுப்பினார். பத்தொன்பது வயதில் எந்தக் கிளவுஸ்ஹோமிலிருந்து தூக்கிப்போனார்களோ, அதே கிளவுஸ்ஹோமில் அடைபட்டுக் கிடந்து 1743 ஜனவரியில் இறந்தாள். அவளும் ரோஸ்கில்டவில்தான் இருக்கிறாள், அரசரிடமிருந்து விலகி, தனியாக ஒரு சிற்றாலயத்தில்.

அன்புடன்.