எல்லை தாண்டும் மின்வணிகம்: கேள்வி பதில்

கேள்வி: வட்டில் பதித்து அனுப்பும் விளையாட்டு மென்பொருள் சுங்கச் சோதனைக்கு உட்படுகிறது. அதையே தரவிறக்கினால் ஏன் சுங்கவரி இல்லை?

பதில்: உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகள், மின்வழிப் பரிமாற்றங்களுக்குச் சுங்கவரி விதிப்பதில்லை என்று 1998-இல் ஜெனீவாவில் தற்காலிகமாக உடன்பட்டன. அந்தத் தற்காலிக ஏற்பாடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2024-இல் அபுதாபி மாநாட்டிலும் உயிர் பெற்றது; அப்போது குறித்த கடைசிக் கெடு 2026 மார்ச் 31. வருவாயை இழக்கிறோம் என்று வளரும் நாடுகள் சில முறையிடுவதில் நியாயம் உண்டு. ஆனால் சுங்கவரிக்கு அளவு, மதிப்பு, பிறப்பிடம் ஆகிய மூன்றும் தெரிந்தாக வேண்டும். ஒரு நாட்டில் வரைந்து, இன்னொரு நாட்டின் சேவையகத்தில் வைத்து, மூன்றாம் நாட்டு நிறுவனம் விற்கும் உதிரிபாக வரைபடக் கோப்பு ஒன்றின் பிறப்பிடம் எது? ஒரே கோப்பை ஆயிரம் பேர் இறக்கிக்கொண்டால், எல்லை கடந்தது ஒன்றா, ஆயிரமா?

கேள்வி: அப்படியானால் வரியே வாங்க முடியாதா?

பதில்: தாராளமாக முடியும், எல்லையில் அல்ல, விற்பனை நடக்கும் இடத்தில். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல், 22 யூரோ வரையிலான இறக்குமதிப் பொட்டலங்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை நீக்கியது. 150 யூரோ வரையிலான பொருள்களுக்கு, விற்பனைத் தளமே வாங்குபவரிடம் வரியைப் பெற்றுச் செலுத்த வழி செய்தது. மதிப்பைக் குறைத்துக் காட்டி விலக்குக்குள் நுழைந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதைவிட, பணம் கைமாறும் நொடியில் வரியைப் பிடிப்பது எளிது. மின்சேவைகளுக்கும் இதுவே பொருத்தமான வழி என்பது என் கருத்து.

கேள்வி: தரவை நாட்டுக்குள்ளேயே வைக்கச் சொல்லும் சட்டம் பாதுகாப்பு தருமா?

பதில்: தானாகத் தராது. பூட்டிய பெட்டி எங்கே இருக்கிறது என்பதைவிட, சாவி யார் கையில் என்பதே முக்கியம். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான தரவுப் பரிமாற்ற ஏற்பாட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஜூலையில் செல்லாததாக்கியபோது, அமெரிக்க உளவு அமைப்புகள் அத்தரவை எந்த அளவுக்கு எடுக்கலாம், பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிடலாம் என்பவற்றையே எடைபோட்டது.

கேள்வி: சிறு ஏற்றுமதியாளருக்கு எந்தச் சீர்திருத்தம் முதலில் தேவை?

பதில்: பலரும் கவனிக்காத ஒன்று: மின்வடிவ ஆவணங்களுக்குச் சட்ட மதிப்பு. கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிடும். சரக்கை விடுவிக்கத் தேவையான கப்பல் சரக்குச் சீட்டின் அசலோ தபாலில் வந்துகொண்டிருக்கும். ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் இதற்கான மாதிரிச் சட்டத்தை 2017-இலேயே ஏற்றது. பிரிட்டன் 2023-இல் தனிச் சட்டம் இயற்றியது. அனுப்புபவர் நாட்டில் மட்டும் சட்டம் இருந்து, பெறுபவர் நாட்டில் இல்லையென்றால், மறுபடியும் காகிதம்தான்.