ஆச்சி பாடியதும் கேசட்டில் கேட்டதும்

அன்புள்ள ஐயா,

நான் கோவில்பட்டியில் இருக்கிறேன். பணி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. தை மாதம் அப்பாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் நடத்தினோம். அங்கிருந்து வேன் வைத்துக்கொண்டு ராமேஸ்வரம், தனுஷ்கோடி. வீடியோக்காரர் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று போனிலேயே எடுத்தேன். நாலு நாளில் ஒன்பது மணி நேரம் சேர்ந்துவிட்டது. மகனிடம் எடிட்டிங் கற்றுக்கொண்டு அதை 48 நிமிடப் படமாக்கினேன். ஒரு சடங்குகூட விடவில்லை. தனுஷ்கோடியில் வாடகைக்கு ட்ரோன்கூட வைத்தோம். இடத்துக்குத் தகுந்த சினிமாப் பாட்டுகளும் சேர்த்திருக்கிறேன்.

எல்லோரையும் கூப்பிட்டு டிவியில் போட்டேன். பத்தாவது நிமிடத்தில் பேரன் போனை எடுத்துக்கொண்டான். தங்கை தோசை ஊற்ற எழுந்து போனாள். அப்பா தூங்கியே விட்டார். கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். அப்பா நடுநடுவே கேமராவைப் பார்த்து "அந்த எழவ வச்சிட்டு சாப்பிட வாலே" என்று திட்டுவது, அம்மா யாரிடமோ சாம்பாரில் உப்பு இல்லை என்பது, இப்படிப்பட்ட இடங்களையெல்லாம் கவனமாக வெட்டிவிட்டேன். போனில் இடமில்லாததால் அந்தத் துண்டுகளைப் போன வாரம் அழித்தும் விட்டேன். எங்கே தப்பு செய்தேன் என்று சொல்வீர்களா?

சு., கோவில்பட்டி

அன்புள்ள சு.,

1991-ல் என் அக்காவுக்குக் கல்யாணம். நலங்கு வைக்கும்போது ஆச்சி பாடினாள். எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் செய்ய இருபது முப்பது கண்ணி தெரியும். வீடியோக்காரர் பக்கத்திலேயே நின்று எடுத்தார். ஒரு பையன் அவருக்குப் பின்னால் பெரிய லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தச் சூட்டில் ஆச்சிக்கு வியர்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மிக்சிங் முடிந்து கேசட் வந்தது. ஆச்சி வாய் அசைகிறது, கை தட்டுகிறாள், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கேட்பதோ ஒரு சினிமா டூயட். மூல கேசட் எங்கே என்று வீடியோக்காரரிடம் கேட்டால், அதன்மேல் அடுத்த கல்யாணத்தைப் பதிந்துவிட்டதாகச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அன்று எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அடுத்த வருடம் ஆச்சி போய்விட்டாள். அந்தப் பாட்டில் முதல் இரண்டு வரிதான் அம்மாவுக்குத் தெரியும். எனக்கு அதுவும் சரியாக வராது.

உங்கள் கடிதத்தில் சினிமாப் பாட்டு சேர்த்தேன் என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்த கேசட்தான் ஞாபகம் வந்தது. முதலில் அந்தப் பாட்டுகளை எடுத்துவிடுங்கள். யூடியூபில் போட்டால் உரிமைப் பிரச்சினை வரும் என்பது இருக்கட்டும். அப்பா குரலை மூடிக்கொண்டு எந்தப் பாட்டும் அங்கே இருக்க வேண்டியதில்லை.

அடுத்து சடங்கு. திருக்கடையூரில் நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு முகூர்த்த நாளில் கோயில் பிராகாரத்தில் அறுபது, எழுபது, எண்பது என்று எத்தனை தம்பதிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்! அதே கலசம், அதே அபிஷேகம், அதே மாலை மாற்றல். உங்கள் படத்தில் பாதியைப் பக்கத்து வரிசைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் படத்தை நீங்கள் வாங்கிக்கொண்டால், முகம் மட்டும்தான் மாறியிருக்கும். சாம்பாரில் உப்பில்லை என்று உங்கள் அம்மா சொன்னது மட்டும் வேறு எந்த வீட்டுப் படத்திலும் இருக்காது. அதைத்தான் தேடித் தேடி வெட்டியிருக்கிறீர்கள்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் ஒரு கஃபேயின் அடித்தளத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் ஒன்று, சுத்தமான வீட்டு வீடியோ. ஒகுஸ்த் லூமியேரும் மனைவியும் தோட்டத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டுகிறார்கள். ஒரு நிமிடம்கூட இல்லை, பிலிம் சுருள் அவ்வளவுதான். பார்த்தவர்கள் குழந்தையைவிட, பின்னால் காற்றில் அசைந்த இலைகளைப் பார்த்துத்தான் அசந்துபோனார்கள் என்று சொல்வதுண்டு. யாரும் அந்த இலைகளை ஆடச் சொல்லவில்லை.

அப்புறம் 1965-ல் கோடக் கம்பெனி வீட்டுக்காரர்கள் படமெடுக்க சூப்பர் 8 என்ற பிலிமைக் கொண்டுவந்தது. ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி பிலிம். சாதாரண வேகத்தில் மூன்று நிமிடம் இருபது விநாடி ஓடும். பிலிமுக்கும் காசு, கழுவுவதற்கும் காசு என்பதால் வீட்டுக்காரர் யோசித்து யோசித்துத்தான் பொத்தானை அழுத்துவார். கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஆனதற்கு விஎச்எஸ் கேசட் மூன்று மணி நேரம் ஓடியதைத் தவிர வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடைசி அரை மணி நேரம் காலியாக இருந்தால் காசுக்கேற்ற வேலை இல்லை என்று பெண் வீட்டார் முகத்தைத் தூக்குவார்களே! போனில் அந்த எல்லையும் போய்விட்டது.

அதனால் எல்லையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திருக்கடையூருக்கு ஆறு நிமிடம், ராமேஸ்வரத்துக்கு ஐந்து. அதற்கு மேல் வேண்டாம். இரண்டையும் ஒரே படமாகக் கோக்கவும் வேண்டாம். 'முழு கவரேஜ்' வேண்டும் என்று தங்கை கேட்டால் ஒன்பது மணி நேரத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கண்டிப்பாகப் பார்க்க மாட்டார்.

என் கதை ஒன்று சொல்கிறேன். 2004-ல் அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப்போனேன். அப்போது அது மீட்டர்கேஜ். கையில் புது ஹேண்டிகேம். பாம்பன் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ரயில் ஊர்ந்துதான் போகும். நான் கதவோரம் நின்று பதினோரு நிமிடம் கடலை எடுத்தேன். கை வலித்துக் கேமராவை இறக்கும்போது நிறுத்த மறந்துவிட்டேன். அதனால் ஒன்பது விநாடி, சாய்ந்த கோணத்தில், அம்மா படத்தில் விழுந்திருக்கிறாள். மடியில் புளியோதரைத் தூக்கு. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "கடல் மேல போறோம்னு சொல்லாத, போனதுக்கு அப்புறம் சொல்லு" என்கிறாள். இருபது வருடமாக வீட்டில் யார் வந்தாலும் கேட்பது அந்த ஒன்பது விநாடியைத்தான்.

கடல் வீண் என்று சொல்லமாட்டேன். 1914-ல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். இப்போது அந்தப் பதினோரு நிமிடத்தைப் போட்டால் நான் கடலைப் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு பழைய தண்டவாளச் சத்தத்தைக் கேட்கிறேன். எது காணாமல் போகும் என்று எடுக்கும்போது தெரிவதில்லை. அப்பாவின் சாய்வு நாற்காலி, தெருமுனை டீக்கடையின் விலைப்பலகை, உங்கள் வேனின் உட்புறம் இதையெல்லாம் பத்துப் பத்து விநாடி எடுத்து வையுங்கள். ட்ரோன் எடுத்த தனுஷ்கோடியை யார் வேண்டுமானாலும் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். அதில் உங்கள் அப்பா ஒரு எறும்பு அளவுக்குத்தான் இருப்பார்.

கைவேலை பற்றிக் கொஞ்சம். பத்து எண்ணும்வரை போனை அசைக்காமல் பிடியுங்கள். இடமும் வலமும் துடைப்பம்போல் வீசாதீர்கள். ஜூம் வேண்டாம், கிட்டே நடந்து போங்கள். கிட்டே போனால் குரலும் சேர்ந்து விழும். ஜன்னலுக்கு எதிரே முகம் கருத்துப்போனால், திரையில் அந்த முகத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள், வெளிச்சம் அதற்கேற்ப நின்றுவிடும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக் காற்றில் எதுவும் கேட்காது. அங்கே பேச வைக்காதீர்கள், வேனுக்குள் ஏறி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். டிவியில் பார்க்கத்தானே, போனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். 4கே-யில் ஒரு நிமிடம் போனைப் பொறுத்து 170 எம்பியிலிருந்து 400 எம்பி வரை தின்னும். உங்கள் இடப் பிரச்சினைக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1080-க்கு மாற்றுங்கள், வீட்டு டிவிக்குப் போதும். வாட்ஸ்ஆப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இன்னொன்று. 48 நிமிடத்தில் நீங்கள் எத்தனை இடத்தில் இருக்கிறீர்கள்? எண்பது வயது விழாவில் மூத்த மகன் இல்லாத படம்! அடுத்த முறை போனைப் பேரனிடம் கொடுங்கள். ஆடும், சாயும், பாதி நேரம் யாராவது ஒருவரின் காலைத்தான் காட்டும். காட்டட்டும். அந்த உயரத்திலிருந்து தாத்தா எப்படித் தெரிகிறார் என்பது உங்களுக்கு எடுக்க வராது.

இதை நீங்கள் இன்றே படிக்க வேண்டும் என்பதால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உடனே பதில் எழுதுகிறேன். போனில் அழித்தது உடனே போய்விடுவதில்லை. பெரும்பாலான போன்களில் 'சமீபத்தில் அழித்தவை' என்றோ குப்பைத்தொட்டி என்றோ ஒரு ஃபோல்டர் இருக்கும், முப்பது நாள்வரை அதில் கிடக்கும். போன வாரம்தானே அழித்தீர்கள்? மகனைக் கூப்பிட்டு அதைத் திறக்கச் சொல்லுங்கள். "சாப்பிட வாலே" அங்கே இருந்தால் படத்தை அதிலிருந்து ஆரம்பியுங்கள்.