குழந்தை மருத்துவர் பார்த்த பிறகும் ஏன் ஜிப்மருக்கு அனுப்புகிறார்கள்?

கடலூரில் குழந்தை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இதயத்தில் ஓட்டை இருக்கலாம், புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். அவரும் குழந்தை மருத்துவர்தானே என்பது உங்கள் கேள்வி.

அவர் தட்டிக்கழிக்கவில்லை, சரியாகத்தான் செய்திருக்கிறார். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, அதற்கு மேல் எம்.டி. குழந்தை மருத்துவம் 3 ஆண்டு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி, வளர்ச்சி என எல்லாவற்றுக்கும் இவரே போதும். ஸ்டெதாஸ்கோப்பில் இதயத் துடிப்போடு வரும் கூடுதல் சத்தத்தைக் கேட்டுப் பிடித்தவரும் அவர்தான்!

குழந்தை இதயவியல், பச்சிளங்குழந்தை மருத்துவம் போன்றவற்றுக்கு எம்.டி. முடித்து டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பு இன்னும் 3 ஆண்டு. ஆக பதினொன்றரை ஆண்டு. அறுவை சிகிச்சைக்கு வழியே வேறு, எம்.எஸ்., அப்புறம் அதற்கான உயர் சிறப்புப் படிப்பு எம்.சிஎச்.

இந்தப் பயிற்சி பாடப் புத்தகத்தில் முடிவதில்லை. பச்சிளங்குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 120 முதல் 160 முறை துடிக்கும். அழுது கைகாலை உதறும் அந்தச் சிசுவுக்கு எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்து, எந்த ஓட்டை தானாக மூடும், எதற்குச் சிகிச்சை வேண்டும் என்று பிரித்தறிய நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பார்த்திருக்க வேண்டும். பல மாவட்டக் குழந்தைகள் வந்து சேரும் பெரிய மருத்துவமனையில்தான் அது வாய்க்கும்.

அங்கே பயிற்சி மருத்துவர் முதலில் விசாரிப்பார், பிறகு மூத்தவர் அதையே கேட்பார். சலிக்காமல் சொல்லுங்கள், இரண்டாவது முறை சொல்லும்போதுதான் சில விஷயங்கள் நினைவுக்கு வரும். பிறப்பு எடை, தடுப்பூசி அட்டை, பழைய சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிவிடும், பதறாமல் போய்வாருங்கள். ஆனால் உதடு நீலமானாலோ, பால் குடிக்கும்போது மூச்சு வாங்கினாலோ ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள்.