கேட்டு வாங்குங்கள்: லியோன் வேரின் கடைசி எல்.பி.

கேள்வி: அமெரிக்க சோல் இசைப் பாடகர் லியோன் வேர் இறந்த பிறகு 2019இல் இசைத்தட்டாக வந்த 'ரெயின்போ டூ' லண்டன் கடை ஒன்றில் கிடைக்கிறது. 2014இல் ஜப்பானில் 'சை' என்ற பெயரில் வந்த சிடி என்னிடம் இருக்கிறது. மறுபடியும் காசு போடலாமா?

பதில்: பாதிக்கு மேல் உங்களிடம் இருக்கும் பாட்டுகள்தான். அந்த மனிதர் மீது உள்ள பிரியத்தால் என்றால் தாராளமாக வாங்குங்கள். பாடகர் மார்வின் கேயின் 'ஐ வாண்ட் யூ' ஆல்பத்தை 1976இல் தயாரித்தவர் அவர். மைக்கேல் ஜாக்சன் பையனாக இருந்தபோது பாடிய 'ஐ வானா பி வேர் யூ ஆர்' பாட்டை எழுதிய இருவரில் ஒருவரும் அவரே. அதே 1976இல் அவர் தன் குரலில் கொண்டுவந்த 'மியூசிகல் மசாஜ்' கவனிப்பாரற்றுப் போனது. 2017இல், 77 வயதில் காலமானார். அவருக்குச் சேர வேண்டிய பெயர் கடைசிவரை முழுதாகச் சேரவில்லை. ஆனால் சிடியைவிட ஒலி உயர்வாக இருக்கும் என்று எண்ணி வாங்குவதானால் வேண்டாம்.

கேள்வி: உறையில் '180 கிராம்' ஸ்டிக்கர் இருக்கிறது. நல்ல ஒலிக்கு அடையாளமா?

பதில்: இல்லை. அது தட்டின் எடை மட்டுமே.

கேள்வி: ஒரே ஆல்பத்தை இரண்டு தட்டாகப் போடுவது காசு பிடுங்கும் வேலைதானே?

பதில்: இல்லவே இல்லை. கோபப்பட வேண்டியது ஒரே தட்டில் திணிக்கிறவர்கள் மீது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் சுகமாக அடங்கும். சிடி காலத்து ஆல்பம் சாதாரணமாக ஒரு மணி நேரம் ஓடும். அதை ஒரே தட்டில் ஏற்றினால் பக்கத்துக்கு 30 நிமிடம். ஊசி ஓடும் கோடுகளை நெருக்க வேண்டும், ஒலி அளவைக் குறைக்க வேண்டும், பாஸை, அதாவது கனத்த கீழ் ஒலியை, வெட்ட வேண்டும். நாம் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். போதாததற்கு, லேபிளை நெருங்கும்போது ஒரு சுற்றின் நீளம் வெளிவிளிம்பில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. லியோன் வேர் மாதிரி காதோடு பேசுவதுபோலப் பாடுகிறவர்களின் 'ஸ்' ஒலி அங்கேதான் சிதறும். தொண்ணூறுகளின் சோல் ஆல்பம் ஒன்றை ஒற்றைத் தட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கேட்க முடியவில்லை.

டிஜிட்டல் கலக்காதது என்று பொருள்படும் 'அனலாக்' என்ற சொல்லையும் அப்படியே நம்பாதீர்கள். பழைய ஆல்பங்களை மறுபதிப்பாக வெளியிடும் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் அசல் டேப்பிலிருந்து நேரடியாக வெட்டியதாக வாங்குவோர் நம்பியிருந்த தட்டுகளில் டிஜிட்டல் நகல் இடையில் இருந்தது 2022இல் வெளியே வந்தது. வழக்கு 2.5 கோடி டாலர் வரையிலான சமரசத்தில் முடிந்தது. காசு கட்டுமுன் மொத்த நிமிடத்தைப் பக்கங்களால் வகுத்துப் பாருங்கள். 24ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரிட்டனில் இணையக் கடையில் வாங்கிய புதுத் தட்டு வளைந்திருக்கிறது, இரண்டாம் பாட்டில் ஊசி தாவுகிறது. வந்து இருபது நாள் ஆகிறது. 'சீல் பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள்.

பதில்: உங்களை ஏய்க்கிறார்கள், விடாதீர்கள். மனம் மாறித் திருப்பித் தரும் 14 நாள் உரிமைதான் சீல் பிரித்தால் போகும். பழுதான பொருளுக்கு அந்தப் பேச்சே கிடையாது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். திருப்பி அனுப்பும் செலவும் கடைக்காரருடையது. ஊசி தாவுவதை வீடியோ எடுத்து, தட்டைச் சமதரையில் வைத்து வளைவையும் படம் எடுத்து, இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசாதீர்கள்.

கேள்வி: கமிஷன் மிச்சமாகும் என்று விற்பவர் சொன்னதால் பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியாகப் பணம் அனுப்பினேன். தட்டு வரவில்லை.

பதில்: அந்த வழியில் அனுப்பினால் வாங்குவோர் பாதுகாப்பு இல்லை என்று பேபாலே சொல்கிறது. முன்பின் தெரியாதவர் எப்படி நண்பர்? கார்டு வழியாகப் போயிருந்தால் வங்கியிடம் கேட்டுப் பாருங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: 1976 அசல் 'மியூசிகல் மசாஜ்' என்று ஈபேயில் பெரிய விலை கொடுத்தேன். வந்தது பிற்கால அச்சு.

பதில்: விளம்பரத்தில் 'அசல்' என்று எழுதியிருந்தால் தவறு உங்களுடையதல்ல. லேபிளுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையே வழவழப்பான பகுதியில் எண்கள் கீறியிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் அசல் பதிப்புக்குப் பதிவாகியுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, 'விவரித்தபடி இல்லை' என்று ஈபேயில் புகார் போடுங்கள். கைக்கு வந்து 30 நாள்தான் கெடு. விற்பவர் பாதிப் பணம் தருகிறேன் என்று பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.