ஐஆரில் ஓ–எச் பட்டை அகலமாக வந்தால் போதுமா?

கேள்வி: ஐஆர் (அகச்சிவப்பு) ஸ்பெக்ட்ரத்தை வைத்து, ஹைட்ரஜன் பிணைப்பு மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறதா, மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு ஸ்பெக்ட்ரத்தை வைத்துச் சொல்லாதீர்கள். டைல்யூட் செய்து பாருங்கள்.

எத்தனாலை எடுத்துக்கொள்வோம். கரைப்பான் சேர்க்காமல் எடுத்தால் 3350 செமீ⁻¹ பக்கம் தடித்த, அகலமான பட்டை ஒன்று வரும். கார்பன் டெட்ராகுளோரைடில் கரைத்து, செறிவைக் குறைத்துக்கொண்டே போனால் அது தேய்ந்துவிடும். 3630-ஐ ஒட்டி ஊசி மாதிரி ஒரு பீக் முளைக்கும். கை கோக்கப் பக்கத்தில் ஆளில்லாத ஓ–எச் அது. பிடித்திருந்த கை விட்டதும் ஓ–எச் பிணைப்பு இறுகுகிறது, அலைஎண் ஏறுகிறது. இது மூலக்கூறுகளுக்கு இடையிலான வகை.

மெத்தில் சாலிசிலேட் (வலித் தைலத்தில் மணக்குமே, அதுதான்) அப்படியில்லை. அதன் ஓ–எச் 3200 பக்கம் இருக்கும். எவ்வளவு டைல்யூட் செய்தாலும் அசையாது. பக்கத்திலேயே உள்ள எஸ்டர் கார்பனைலோடு அது கட்டுண்டிருக்கிறது, கரைப்பான் வந்து பிரிக்க வழியில்லை. இது மூலக்கூறுக்குள்ளேயே இருக்கும் வகை. கார்பனைலையும் பாருங்கள்: மெத்தில் பென்சோயேட்டில் 1725 அருகே வருவது இங்கே 1680-க்கு இறங்கியிருக்கும். எனக்கு ஓ–எச்சை விட இந்தச் சாட்சிமேல்தான் நம்பிக்கை அதிகம்.

1935–36-இல் அமெரிக்காவில் ஹில்பர்ட், வுல்ஃப், ஹெண்ட்ரிக்ஸ், லிடல் நால்வரும் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து பிடித்தார்கள். கட்டில்லாத ஓ–எச்சின் ஓவர்டோன் (அடிப்படை அலைஎண்ணைப் போல ஏறத்தாழ இரு மடங்கில் வரும் பட்டை) 7000 செமீ⁻¹ வட்டாரத்தில் வர வேண்டும். ஓ–எச்சுக்குப் பக்கத்திலேயே நைட்ரோ தொகுதி உள்ள ஆர்த்தோ-நைட்ரோஃபீனாலில் அது வரவில்லை. வராததே அங்கே உள்ளுக்குள் பிணைப்பு இருப்பதற்கு ஆதாரம்.

செய்யும்போது ஒன்று: செறிவைக் குறைத்தால் செல்லின் (கரைசலை வைக்கும் கலத்தின்) நீளத்தைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் எந்தப் பீக்கும் தெரியாது. கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலைக் கெடுக்கும், ஃப்யூம் ஹூடுக்கு வெளியே திறக்கவே வேண்டாம்.

அப்புறம், கேபிஆர் பெல்லட்டில் (பொட்டாசியம் புரோமைடு உப்போடு மாதிரியைக் கலந்து அழுத்திய வில்லையில்) வரும் ஓ–எச்சை லேசில் நம்பாதீர்கள். எம்.எஸ்சி. படிக்கும்போது பென்சாயினை நைட்ரிக் அமிலத்தில் ஆக்சிஜனேற்றி பென்சில் (benzil, எழுதுகிற பென்சில் அல்ல) செய்தேன். மஞ்சள் படிகம், உருகுநிலை 95 டிகிரி, எல்லாம் சரி. ஆனால் ஐஆரில் 3430 பக்கம் அகலமாக ஒரு மேடு. பென்சிலில் ஓ–எச்சே கிடையாது. சரி, பென்சாயின் மிச்சமிருக்கிறது, ஹைட்ரஜன் பிணைப்பால் பட்டை அகன்றிருக்கிறது என்று நோட்டில் விளக்கமே எழுதிவிட்டு, பழுப்புப் புகைக்கு நடுவே மறுபடி ஒரு முறை அமிலத்தில் காய்ச்சினேன். மேடு போகவில்லை. மூன்றாவது முறைக்குக் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தபோது லேப் அண்ணன் வந்து, "வெறும் கேபிஆரை அழுத்தி ஒண்ணு எடுத்துப் பாருப்பா" என்றார். எடுத்தேன். அதே இடத்தில் அதே மேடு. கார்த்திகை மாத மழை, கேபிஆர் டப்பா மூடி சரியாக மூடாமல் கிடந்தது. உப்பு ஈரத்தை இழுத்திருந்தது, அந்த மேடு தண்ணீரின் ஓ–எச்.